எம்.பி.ஏ. படித்து ஹாலிவுட் ஸ்டுடியோ வேலைக்கு மாறுவது: எந்தப் படிப்பு, எந்த வேலை, விசா என்னவாகும்?

கார்த்தி_டாலஸ்:

வணக்கம். மென்பொருளில் எட்டு வருட அனுபவம். பெரும்பாலும் பேமென்ட், பில்லிங் சிஸ்டம்கள். எச்-1பி வேலை விசாவில் நான்கு வருடம் முடிந்துவிட்டது. ஐ-140 (நிறுவனம் போட்ட கிரீன் கார்டு மனு) ஒப்புதலாகி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. மனைவி எச்-4 (என்னைச் சார்ந்த துணைவர் விசா) இ.ஏ.டி. வேலை அனுமதியில் வேலை பார்க்கிறார்.

சினிமா, ஓ.டி.டி. பக்கம் நிர்வாக வேலைக்கு மாற வேண்டும். இயக்கவோ எழுதவோ எண்ணமில்லை. எந்தப் படத்தை எடுப்பது, எவ்வளவு செலவழிப்பது, எங்கே விற்பது என்று முடிவெடுக்கும் இடத்தில் இருக்க வேண்டும். அதற்காக முழுநேர எம்.பி.ஏ. யோசிக்கிறேன்.

எந்தக் கல்லூரிகள் இதற்கு உண்மையில் உதவும்? படித்து முடித்தால் என்ன மாதிரி வேலை கிடைக்கும், நேர்முகத்தில் என்ன கேட்பார்கள்? எச்-1பி-யை விட்டுவிட்டு மாணவர் விசாவுக்குப் போனால் எதை இழப்பேன்? பிற்பாடு சென்னைக்குத் திரும்பினால் இந்தப் படிப்புக்கு அங்கே மதிப்பு உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வெஸ்ட்வுட்வாசி:

கார்த்தி, உங்கள் ஆசையை முதலில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். எந்தக் கதையைப் படமாக்குவது என்று தேர்ந்தெடுப்பவர்கள் ஒரு பிரிவு. எவ்வளவு செலவழிப்பது, எப்போது வெளியிடுவது, யாருக்கு விற்பது என்று பார்ப்பவர்கள் இன்னொரு பிரிவு. இருவரும் ஒரே கூட்டத்தில் உட்காருவார்கள், ஆனால் அந்த நாற்காலிக்கு வந்த பாதை வேறு வேறு. எம்.பி.ஏ. உங்களைச் சேர்ப்பது இரண்டாவது பிரிவில்.

கதைப் பக்கம் போகிறவர்கள் பெரும்பாலும் சி.ஏ.ஏ., டபிள்யூ.எம்.இ., யு.டி.ஏ. போன்ற, நடிகர், எழுத்தாளர்களுக்கு வாய்ப்புத் தேடும் ஏஜென்சிகளின் மெயில்ரூமிலோ, ஒரு தயாரிப்பாளரின் உதவியாளராகவோ தொடங்குவார்கள். போன் எடுப்பது, நாள்காட்டி பார்ப்பது, வாரக்கடைசியில் ஸ்கிரிப்ட் படித்து ‘கவரேஜ்’ எழுதுவது: கதைச்சுருக்கம், கருத்து, கடைசியில் பாஸ் (வேண்டாம்), கன்சிடர், ரெக்கமெண்ட் என்று ஒரு தீர்ப்பு. மணிக்கணக்குச் சம்பளம். அங்கிருந்து கோஆர்டினேட்டர், பிறகு கிரியேட்டிவ் எக்ஸிகியூட்டிவ். எம்.பி.ஏ. வைத்துக்கொண்டு இந்த வரிசையில் முன்னால் நுழைய முடியாது. அதே உதவியாளர் வேலையில்தான் தொடங்க வேண்டியிருக்கும். பணம் செலவழிக்கும் முன் இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ‘எனக்குச் சினிமா பிடிக்கும்’ என்று மட்டும் எழுதும் விண்ணப்பங்கள் அடிபடுவதும் இந்த இடத்தில்தான்.

எம்.பி.ஏ. ஆட்களை எடுக்கும் வேலைகள் இவை: கார்ப்பரேட் ஸ்ட்ராட்டஜி, பிசினஸ் டெவலப்மென்ட், பட்ஜெட்டும் முன்கணிப்பும் பார்க்கும் நிதித் திட்டமிடல், ஸ்டுடியோ பைனான்ஸ், விநியோகத் திட்டமிடல், மார்க்கெட்டிங், பொம்மை, ஆடை உரிமங்களைப் பார்க்கும் கன்ஸ்யூமர் புராடக்ட்ஸ், ஓ.டி.டி.யில் கன்டென்ட் அனாலிசிஸ், விலை நிர்ணயம், விளம்பர விற்பனை. உங்கள் பில்லிங் அனுபவத்துக்கு நேராக ஒரு கதவு இருக்கிறது. சந்தாதாரர் விலகல் இரண்டு வகை. ஒன்று, அவராகவே ரத்து செய்வது. மற்றொன்று, கார்டு காலாவதியாகி அல்லது பேமென்ட் தோற்றுப்போய்த் தானாக விழுவது. இரண்டாவது வகையைக் குறைக்கத் தெரிந்தவருக்கு ஸ்ட்ரீமிங் நிறுவனங்களில் மதிப்பு அதிகம். உங்கள் விண்ணப்பக் கட்டுரையில் சொல்ல வேண்டியது இதுதான். சிறுவயதில் பார்த்த படங்களின் பட்டியல் வேண்டாம்.

கல்லூரிகள்: லாஸ் ஏஞ்சலஸிலேயே இருப்பவை யு.சி.எல்.ஏ. ஆண்டர்சன், யு.எஸ்.சி. மார்ஷல். நியூயார்க்கில் என்.ஒய்.யு. ஸ்டெர்ன், அங்கே பொழுதுபோக்கு, ஊடகம், தொழில்நுட்பம் மூன்றையும் சேர்த்து ஒரு சிறப்புப் பிரிவு உண்டு. கொலம்பியாவும் ஊடக வேலைகளுக்கு நல்ல இடம். ஹார்வர்டில் அனிதா எல்பர்ஸ் இந்தத் துறைக்கென்றே ஒரு பாடம் நடத்துகிறார். ஹார்வர்ட் பட்டம் எங்கும் செல்லும் என்றாலும் ஸ்டுடியோக்கள் அந்த வளாகத்துக்கு ஆள் தேடி வரிசையில் வருவதில்லை.

எம்.பி.ஏ. அல்லாத இரண்டையும் பாருங்கள். கார்னகி மெலனின் பொழுதுபோக்குத் தொழில் நிர்வாக முதுகலை: முதல் ஆண்டு பிட்ஸ்பர்க், இரண்டாம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ். யு.எஸ்.சி. சினிமாப் பள்ளியின் பீட்டர் ஸ்டார்க் தயாரிப்புப் படிப்பு: இரண்டு வருட எம்.எஃப்.ஏ. (நுண்கலை முதுகலை), கதைப் பக்கமும் கணக்குப் பக்கமும் சேர்ந்தது. ‘எந்தப் படத்தை எடுப்பது’ என்பதில் நிஜமாகவே பிடிவாதமாக இருந்தால் எம்.பி.ஏ.யைவிட ஸ்டார்க் பொருத்தம்.

ஊரும் முக்கியம். சோனியும் அமேசான் எம்.ஜி.எம்.மும் கல்வர் சிட்டியில். டிஸ்னி, வார்னர் பர்பேங்கில். பாராமவுண்ட் மெல்ரோஸ் அவென்யூவில். நெட்ஃபிளிக்ஸின் லாஸ் ஏஞ்சலஸ் அலுவலகம் ஹாலிவுட்டில். பேச ஒத்துக்கொண்டவர் கடைசி நேரத்தில் மூன்று முறை நாளை மாற்றுவார். உள்ளூரில் இருந்தால் அது பிரச்சினையே இல்லை. சிகாகோவிலிருந்து பறந்து வருகிறவருக்கு ஒரு டிக்கெட் வீண்.

இப்போது நாள்காட்டி. பலர் தடுமாறுவது இங்கேதான். முதல் சுற்று விண்ணப்பம் செப்டம்பர், அக்டோபர் தொடக்கம். இரண்டாம் சுற்று ஜனவரி முதல் வாரங்கள். விசா வேலை இருப்பவர்கள் மூன்றாம் சுற்றை மறந்துவிடுங்கள். எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வான ஜிமேட் இப்போது மூன்று பகுதி, பகுதிக்கு 45 நிமிடம், மதிப்பெண் 205 முதல் 805 வரை. பழைய 800 கணக்கோடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம்.

படிக்கப் போனபின் கன்சல்டிங், வங்கி நிறுவனங்கள் இலையுதிர் காலத்திலேயே வளாகத்துக்கு வந்து, ஜனவரி, பிப்ரவரியில் கோடை இன்டர்ன்ஷிப்புக்கு ஆளெடுப்பை முடித்துவிடும். பொழுதுபோக்கு நிறுவனங்கள் ஆள் தேவைப்படும்போதுதான் எடுக்கும்: பிப்ரவரி முதல் மே வரை, சில சமயம் தேர்வு வாரத்தில். நடுவிலுள்ள இரண்டு மூன்று மாதங்களில் வகுப்பில் பாதிப்பேர் கையில் ஆஃபர் கடிதம் வைத்திருப்பார்கள், உங்களிடம் ஒன்றும் இருக்காது. அந்தப் பயத்தில் கன்சல்டிங் ஆஃபரை வாங்கிக்கொண்டு, மே மாதம் ஸ்டுடியோ அழைத்ததும் அதை முறித்தால் கல்லூரியின் வேலைவாய்ப்பு அலுவலகம் உங்களை முடக்கிவிடும். முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்: மே வரை காத்திருப்பேனா, அல்லது ஊடகத் துறை வாடிக்கையாளர்கள் உள்ள கன்சல்டிங்கில் இரண்டு வருடம் இருந்துவிட்டு ஸ்டுடியோ ஸ்ட்ராட்டஜிக்கு மாறுவேனா? இரண்டாவது வழி மெதுவானது, ஆனால் கல்விக்கடனை அடைக்க அதுவே உதவும்.

சம்பளத்தைப் பற்றி யாரிடமும் கேட்டு அலைய வேண்டாம். கலிஃபோர்னியாவில் 2023 ஜனவரி 1 முதல் 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் வேலை விளம்பரத்திலேயே சம்பள வரம்பைப் போட வேண்டும். ஸ்டுடியோக்களின் வேலைப் பக்கத்தில் சீனியர் அனலிஸ்ட், மேனேஜர் என்று தேடி முப்பது விளம்பரங்களை ஒரு ஷீட்டில் போடுங்கள். உங்கள் இப்போதைய சம்பளத்தைவிடக் குறைவாக இருக்கும் விளம்பரங்கள் நிறையவே வரும். கட்டணம் மட்டும் இரண்டு வருடத்துக்கு ஒன்றரை லட்சம் டாலரைத் தாண்டும். அதோடு இரண்டு வருடச் சம்பள இழப்பையும் கூட்டிப் பாருங்கள்.

---

ரசீது:

நேர்முகம் பற்றி நான் சொல்கிறேன். படங்களைப் பற்றிய ரசனைக் கேள்விகள் வரும், ஆனால் ஆளைக் கழிப்பது கணக்கில்தான். தியேட்டர் படத்துக்கும் ஸ்ட்ரீமிங்குக்கும் கணக்கு வேறு. இரண்டையும் வெள்ளைத்தாளில் போடத் தெரிந்திருக்க வேண்டும்.

தியேட்டர் படம். பொதுவான விழுக்காடுகளை வைத்து ஒரு மாதிரிக் கணக்கு: தயாரிப்புச் செலவு 60 மில்லியன் டாலர், பிரிண்ட்டும் விளம்பரமும் 40 மில்லியன். அமெரிக்க வசூல் 80, வெளிநாட்டு வசூல் 70. புதியவர்கள் 150-லிருந்து 100-ஐக் கழித்து 50 லாபம் என்பார்கள். அங்கேயே நேர்முகம் முடிந்துவிட்டது. தியேட்டர்காரர் பங்கு போக ஸ்டுடியோ கைக்கு அமெரிக்காவில் சுமார் 50 விழுக்காடு, வெளிநாட்டில் சுமார் 40. (சீனாவில் வருவாய்ப் பங்கீட்டுப் படங்களுக்கு 25தான், அதைத் தனி வரியாகப் போடுங்கள்.) ஆக 40-உம் 28-உம் சேர்த்து 68. தியேட்டரோடு நிறுத்தினால் 32 மில்லியன் நஷ்டம்.

படம் பிழைப்பது அடுத்த கட்டங்களில். வீட்டில் பார்க்கப் படத்தை வாடகைக்கு விடுவது, டிஜிட்டல் விற்பனை 20. ‘பே-1’ என்கிற முதல் கட்டண டி.வி. அல்லது ஸ்ட்ரீமிங் உரிமம் 25, பிற டி.வி. 12 என்று வையுங்கள். மொத்த வரவு 125. இதில் விளம்பரச் செலவு 40, டிஜிட்டல் விற்பனைச் செலவு 6, நடிகர் இயக்குநர் பங்கும் சங்கங்களுக்கான ரெசிடுவல்ஸும் (மறு வெளியீடுகளுக்கான பங்குத்தொகை) 8 கழிந்தால் 71. தயாரிப்புச் செலவு 60 போக மிச்சம் 11. வட்டியும் அலுவலகச் செலவும் இன்னும் சேர்க்கவில்லை என்பதை நீங்களே வாய்திறந்து சொல்ல வேண்டும். பிறகு ‘அமெரிக்க வசூல் 80-க்குப் பதில் 60 ஆனால்?’ என்று கேட்பார்கள். அதற்கு 10 மில்லியனைக் கழித்து நிறுத்தினால் அரைகுறை. பே-1 உரிமத் தொகை பெரும்பாலும் தியேட்டர் வசூலோடு கட்டப்பட்டிருக்கும். வசூல் விழுந்தால் அதுவும் சேர்ந்து விழும். இந்த ஒரு தொடர்பைச் சொன்னவருக்கு அடுத்த சுற்று கிட்டத்தட்ட உறுதி.

‘அல்டிமேட்ஸ்’ என்ற சொல்லைத் தெரிந்துகொண்டு போங்கள். ஒரு படம் முதல் வெளியீட்டிலிருந்து 10 ஆண்டுகளுக்குள் மொத்தமாக எவ்வளவு கொண்டுவரும் என்ற மதிப்பீடு. அமெரிக்கக் கணக்கியல் விதி ஏ.எஸ்.சி. 926-இன்படி தயாரிப்புச் செலவை ஆண்டாண்டாக எழுதிக் கழிப்பது இந்த மதிப்பீட்டின் விகிதத்தில்தான். மதிப்பீட்டைக் கூட்டி வைத்தால் இந்த வருட லாபம் அழகாகத் தெரியும், பிறகு ஒரே காலாண்டில் மொத்தமாக எழுதித் தள்ள வேண்டிவரும். ஸ்டுடியோ பைனான்ஸில் நுழையும் சீனியர் அனலிஸ்டுக்குப் பாதி வேலை இந்த எண்களைக் காலாண்டுக்கு ஒருமுறை திருத்துவது.

ஸ்ட்ரீமிங்கில் ஒரு தொடருக்கென்று தனியே டிக்கெட் வசூல் கிடையாது. அதனால் கணக்கு சந்தாதாரரிடமிருந்து தொடங்கும். மாத விலகல் 5 விழுக்காடு என்றால் சராசரி ஆயுள் 20 மாதம். மாதம் 10 டாலர் வந்தால் ஒருவர் 200 டாலர். விலகல் 4 ஆகக் குறைந்தால் 25 மாதம், 250 டாலர். 40 மில்லியன் செலவில் ஒரு தொடர் எடுத்தால், 200 டாலர் கணக்கில், 2 லட்சம் புதுச் சந்தாதாரர்களைக் கொண்டுவர வேண்டும், அல்லது இருப்பவர்களில் அதே மதிப்புள்ளவர்களைப் போகாமல் தடுக்க வேண்டும். இதில் எல்லாரும் செய்யும் பிழை ஒன்று: தொடர் வந்த வாரம் சேர்ந்த அத்தனை பேரையும் அந்தத் தொடரின் கணக்கில் எழுதிவிடுவது. தொடர் இல்லாவிட்டாலும் சேர்ந்திருப்பவர்களைக் கழித்த பிறகுதான் எண்ணுக்குப் பொருள். முதலில் பார்த்தது எது, முதல் மாதம் முடிந்ததும் ரத்து செய்தவர் எத்தனை, கடைசி எபிசோட் வரை போனவர் எத்தனை என்று மூன்றையும் கேளுங்கள். கேள்வி கேட்கும் விதத்திலேயே உங்கள் தரம் தெரிந்துவிடும்.

நேர்முகத்துக்குத் தயாராக: பங்குச்சந்தையில் உள்ள நிறுவனங்களின் 10-கே ஆண்டறிக்கைகள் இலவசம். டிஸ்னி, நெட்ஃபிளிக்ஸ் இரண்டின் அறிக்கையிலும் கன்டென்ட் செலவை எப்படிக் கழிக்கிறார்கள் என்ற குறிப்பை மட்டும் அருகருகே வைத்துப் படியுங்கள். ஒரு வாரக்கடைசி போதும்.

---

பாலாற்றங்கரை:

விசா பகுதிக்கு வருகிறேன். இது பொதுவான தகவல். கையெழுத்துப் போடும் முன் வழக்கறிஞரிடம் உங்கள் ஆவணங்களைக் காட்டுங்கள்.

நல்ல செய்தி முதலில். நீங்கள் ஏற்கெனவே எச்-1பி ஒதுக்கீட்டில் எண்ணப்பட்டவர். படித்து முடித்துத் திரும்பும்போது மறுபடி லாட்டரிக்கு (ஆண்டு ஒதுக்கீட்டுக்கான குலுக்கல்) போக வேண்டியதில்லை. ஆறு வருடத்தில் பாக்கியுள்ள இரண்டு வருடத்தை எடுத்துக்கொள்ளலாம். ஐ-140 ஒப்புதலாகி 180 நாள் கடந்துவிட்டதால் பழைய நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றாலும் உங்கள் முன்னுரிமைத் தேதி (கிரீன் கார்டு வரிசையில் உங்கள் இடம்) போகாது, ஆறு வருடத்துக்குமேல் நீட்டிக்கவும் அது உதவும். ஆனால் புது முதலாளி பெர்ம் (தொழிலாளர் துறைச் சான்று), ஐ-140 இரண்டையும் புதிதாகத் தொடங்க வேண்டும். ஊரிலிருந்து நேரடியாக வந்து படிக்கும் மாணவருக்கு இல்லாத பெரிய வசதி இது. நேர்முகத்தில் ‘ஸ்பான்சர்ஷிப் தேவையா?’ என்று கேட்டால் ‘தேவை, ஆனால் லாட்டரி இல்லை’ என்று ஒரே வரியில் சொல்லுங்கள். அந்த இரண்டாம் பாதியைச் சொல்லாமல் விடுவதால் கழிக்கப்படுகிறவர்கள் உண்டு.

இழப்புகள். நீங்கள் எஃப்-1 (மாணவர் விசா) ஆன அன்றே மனைவியின் எச்-4 போய்விடும், இ.ஏ.டி.யும் போய்விடும். எஃப்-2-வில் (மாணவரின் துணைவருக்கான விசா) அவர் வேலை செய்யவே முடியாது. இரண்டு வருடம் இரண்டு சம்பளமும் இல்லாத குடும்பம்: வெஸ்ட்வுட்வாசி போட்ட செலவுக் கணக்கில் இந்த வரியையும் சேருங்கள். அவருக்குச் சொந்த எச்-1பி முயற்சி செய்ய வழியிருந்தால் நீங்கள் மாறுவதற்கு முன்பே அது நடக்க வேண்டும்.

எஃப்-1 வாங்க இரண்டு வழி. சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு விசா ஸ்டாம்பிங்குக்குப் போனால், ஒப்புதலான ஐ-140 உங்களுக்கு எதிராக நிற்கும். குடியேறும் எண்ணம் இல்லை என்று காட்டுவது கடினம். இங்கேயிருந்தே ஐ-539 விண்ணப்பம் போட்டு விசா நிலையை மாற்றுவது பலருக்குப் பொருத்தம். ஆனால் அது நிலுவையில் இருக்கும்போது நாட்டைவிட்டு வெளியே போனால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். வகுப்பு தொடங்குமுன் ஊருக்கு ஒருமுறை போய்வரலாம் என்று கோடையில் டிக்கெட் போட்டு மாட்டிக்கொள்வது இப்படித்தான். நிலை மாறிய பிறகும் பாஸ்போர்ட்டில் எஃப்-1 முத்திரை இருக்காது. வெளியே போனால் திரும்ப நுழைய அந்தத் தூதரக நேர்முகம் காத்திருக்கும். இரண்டு வருடம் ஊருக்குப் போகாமல் இருக்க முடியுமா என்று வீட்டில் இப்போதே பேசுங்கள். 2025 செப்டம்பர் அறிவிப்பின்படி வெளிநாட்டிலிருக்கும் ஆளுக்குப் போடும் புது எச்-1பி மனுவுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம். படித்து முடித்ததும் நிலை மாற்றத்தை நாட்டுக்குள் இருந்தே முடிக்க இதுவும் ஒரு காரணம்.

கோடை இன்டர்ன்ஷிப்புக்கு சி.பி.டி. (படிப்பின் பகுதியாக வேலை செய்யும் அனுமதி) வேண்டும். ஒரு கல்வியாண்டு முழுநேரம் படித்த பிறகே கிடைக்கும், நிறுவனத்தின் பெயரும் தேதியும் கல்லூரி தரும் ஐ-20 மாணவர் ஆவணத்தில் அச்சாக வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் மாணவர்கள் முதல் வருடத்திலேயே வாரம் 10, 15 மணி நேரம் சிறு தயாரிப்பு நிறுவனங்களில் இன்டர்னாக இருப்பார்கள். சம்பளமில்லாததாக இருந்தாலும் நீங்கள் அதில் சேரக்கூடாது. மே கடைசியில் ஆஃபர் வந்து ஜூன் முதல் வாரம் சேரச் சொன்னால் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் நாட்கள் போதாமல் போகும். பாடப்பதிவு, ஆலோசகர் கையெழுத்து எல்லாவற்றையும் ஏப்ரலிலேயே முடித்து, கடிதத்துக்கு மட்டும் காத்திருக்கும் நிலையில் இருங்கள்.

ஓ.பி.டி. (படித்த துறையில் வேலை பார்க்கும் அனுமதி) 12 மாதம், படிப்பு முடிவதற்கு 90 நாள் முன்பிருந்து 60 நாள் பின்புவரை விண்ணப்பிக்கலாம். தொடங்கும் தேதியையும் படிப்பு முடிந்து 60 நாளுக்குள் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். வேலையில்லாமல் இருக்க அனுமதி 90 நாள்தான், ஓ.பி.டி. தொடங்கிய நாளிலிருந்து அது ஓடும். இந்தத் துறையில் ஆளெடுப்பு தாமதமாக நடப்பதால் கையில் ஆஃபர் இல்லாதவர் தொடக்கத் தேதியைக் கடைசிக்குத் தள்ளுவது நல்லது. ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் படிப்புகள்) நீட்டிப்பு 24 மாதம். அதற்கு முதலாளி இ-வெரிஃபையில் (ஊழியரின் வேலை அனுமதியைச் சரிபார்க்கும் அரசு முறை) இருக்க வேண்டும், ஐ-983 பயிற்சித் திட்டத்தில் கையெழுத்திட வேண்டும். பெரிய ஸ்டுடியோவில் மனிதவளப் பிரிவுக்கு இதெல்லாம் தெரியும். ஐந்து பேர் கொண்ட தயாரிப்பு நிறுவனத்தில் தெரியாது. எம்.பி.ஏ.க்களில் பல இப்போது ஸ்டெம் பட்டியலில் உள்ளன, ஒரே கல்லூரியில் சில பிரிவுகள் மட்டும் இருப்பதும் உண்டு. ஐ-20-இல் அச்சாகும் பாடக்குறியீட்டைக் கேட்டு வாங்குங்கள். எம்.எஃப்.ஏ. படிப்புகள் பொதுவாக இந்தப் பட்டியலில் வராது. ஏஜென்சி உதவியாளர் வேலைக்கு எச்-1பி-யும் கிடைக்காது, குறிப்பிட்ட பட்டம் தேவைப்படும் பணியாக அது கருதப்படுவதில்லை. ஆகவே உங்கள் நிலைமையில் மெயில்ரூம் வழி கிரீன் கார்டு வந்த பிறகுதான்.

---

கார்த்தி_டாலஸ்:

அனைவருக்கும் மிக்க நன்றி. மனைவியின் இ.ஏ.டி. போவது இவ்வளவு நேரடியாக உறைக்கவில்லை. அப்படியானால் எச்-1பி-யிலேயே இருந்துகொண்டு ஆண்டர்சனின் பகுதிநேர எம்.பி.ஏ. செய்யலாமா? லாஸ் ஏஞ்சலஸுக்கு இடம் மாற இப்போதைய நிறுவனம் சம்மதிக்கும் என்று நினைக்கிறேன்.

---

பாலாற்றங்கரை:

படிக்கலாம், எச்-1பி-யில் படிப்பதற்குத் தடையில்லை. இ.ஏ.டி.யும் தப்பும். இரண்டு விஷயம்: டாலஸிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு வேலை இடம் மாறினால் நிறுவனம் புது எல்.சி.ஏ.வோடு (வேலை இடம், சம்பளம் பற்றித் தொழிலாளர் துறைக்குப் போகும் விண்ணப்பம்) திருத்த மனு போட வேண்டும், நீங்கள் நகருவதற்கு முன்பே. வீட்டிலிருந்து வேலை என்றாலும் இதே விதிதான். இரண்டாவது, இன்டர்ன்ஷிப் அநேகமாகக் கிடையாது. வேறொரு நிறுவனத்தில் வேலை செய்ய அந்த நிறுவனம் உங்களுக்காகத் தனி எச்-1பி மனு போட வேண்டும். லாட்டரி இல்லாமல் அது முடியும் என்றாலும் பத்து வாரத்துக்காக எந்த ஸ்டுடியோ போடும்?

---

சிக்னல்:

நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன். எம்.பி.ஏ. வேண்டாம்னு இல்ல. ஆனா கார்த்தி நிலைமைல அது ரெண்டாவது படியா இருக்கணும், முதல் படியா இல்ல.

ஒரே தாவல்ல துறை, வேலை, ஊர் மூணையும் மாத்தறதுதான் கஷ்டம். முதல்ல துறையை மட்டும் மாத்துங்க. டிஸ்னி, நெட்ஃபிளிக்ஸ், அமேசான், வார்னர் எல்லாத்துலயும் சந்தா, பில்லிங், விளம்பரத் தொழில்நுட்பக் குழு இருக்கு. 2022 நவம்பர்ல நெட்ஃபிளிக்ஸும் டிசம்பர்ல டிஸ்னி பிளஸ்ஸும் விளம்பரத்தோட மலிவுத் திட்டம் கொண்டுவந்த பிறகு விலை, பிளான் மாத்தறது, தள்ளுபடி, பண்டில்னு இந்தக் குழுக்களுக்கு வேலை கூடிடுச்சு. இன்ஜினியரா எச்-1பி டிரான்ஸ்ஃபர்ல போறது சாதாரண விஷயம். உள்ளே போனா பைனான்ஸ், கன்டென்ட் அனாலிசிஸ் ஆளுங்களோட தினமும் மீட்டிங்ல உட்காருவீங்க. ஒண்ணரை வருஷத்துல புராடக்ட் பக்கம் நகரலாம். அப்புறம் பகுதிநேர எம்.பி.ஏ. சேர்ந்தா இன்டர்ன்ஷிப்பே தேவையில்ல, ஏன்னா நீங்க ஏற்கெனவே கட்டடத்துக்குள்ள இருக்கீங்க.

இன்னொரு காரணம், இந்தத் துறை இப்ப சுருங்கிட்டிருக்கு. 2019 மார்ச்ல டிஸ்னி ஃபாக்ஸை வாங்குச்சு. 2022-ல அமேசான் எம்.ஜி.எம்.மை எடுத்துச்சு, வார்னரும் டிஸ்கவரியும் சேர்ந்துச்சு. 2025 ஆகஸ்ட்ல ஸ்கைடான்ஸ் பாராமவுண்டை எடுத்துச்சு. ரெண்டு கம்பெனி ஒண்ணாச்சுன்னா முதல்ல ரெண்டா இருக்கறது ஸ்ட்ராட்டஜி டீம், பைனான்ஸ் டீம், விநியோக டீம். அதாவது எம்.பி.ஏ.க்காரங்க நாற்காலிதான் முதல்ல போகும். வேலை போனா எச்-1பி-யில 60 நாள்தான் அவகாசம். பேமென்ட் இன்ஜினியர்னு ரெஸ்யூமே இருந்தா 60 நாள்ல வங்கி, ரீடெயில் எங்க வேணா போகலாம். ‘ஸ்டுடியோ விநியோகத் திட்டமிடல் மேனேஜர்’னு இருந்தா அந்த ஊர்ல நாலஞ்சு இடம்தான்.

---

வெஸ்ட்வுட்வாசி:

சிக்னல் சொல்வதில் பெரும்பகுதி சரி. ஒரு திருத்தம்: உள்ளேயிருந்து நகர்வது எல்லா நிறுவனத்திலும் ஒரே மாதிரி இல்லை. தொழில்நுட்பக் குழு வேறு நகரத்தில், கன்டென்ட் குழு பர்பேங்கில் என்று பிரிந்திருக்கும் இடங்களில் இன்ஜினியராக மூன்று வருடம் இருந்தும் விநியோகக் குழுவில் ஒருவரைக்கூடத் தெரியாமல் இருக்க முடியும். வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன் அந்தக் குழு யாருக்கு ரிப்போர்ட் செய்கிறது, வாராந்திர எண்களை யாருக்கு அனுப்புகிறது என்று கேளுங்கள். பதில் ‘பைனான்ஸ், கன்டென்ட் இரண்டுக்கும்’ என்றால் போங்கள். ‘பிளாட்ஃபார்ம் தலைவருக்கு மட்டும்’ என்றால் நீங்கள் இப்போது இருக்கும் வேலையேதான், லோகோ மட்டும் வேறு.

---

நுங்கம்பாக்கம்:

சென்னை பற்றி யாரும் சொல்லவில்லையே. லாஸ் ஏஞ்சலஸ் எம்.பி.ஏ. இங்கே மதிக்கப்படும் இடங்கள்: ஓ.டி.டி. நிறுவனங்கள் (முடிவெடுக்கும் அலுவலகம் பெரும்பாலும் மும்பையில்), பெரிய இசை நிறுவனங்கள், மல்டிபிளெக்ஸ் சங்கிலிகள், கார்ப்பரேட் தயாரிப்பு நிறுவனங்கள். வழக்கமான தமிழ்ப் படத் தயாரிப்பில் பட்டத்தைப் பார்த்து யாரும் உட்கார வைக்க மாட்டார்கள்.

காரணம், பணம் புரளும் விதம். ஹாலிவுட்டில் ஸ்டுடியோவே பணம் போட்டு, விநியோகித்து, பத்து வருடம் வரவை எண்ணும். இங்கே படம் வெளிவருமுன்பே உரிமைகள் துண்டு துண்டாக விற்கப்படும்: ஓ.டி.டி., சாட்டிலைட், ஆடியோ, இந்தி டப்பிங், வெளிநாடு. தமிழ்நாட்டுத் தியேட்டர் உரிமை சென்னை நகரம், செங்கல்பட்டு, கோவை, மதுரை, சேலம், திருச்சி-தஞ்சாவூர், நெல்லை-குமரி என்று ஏரியா ஏரியாவாகப் போகும். எம்.ஜி. (குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை), திரும்பத் தர வேண்டிய அட்வான்ஸ், கமிஷன் அடிப்படை, அவுட்ரைட் (முழு விற்பனை) என்று ஒவ்வொரு ஏரியாவுக்கும் ஒப்பந்தம் மாறும். படப்பிடிப்புக்கான பணம் பைனான்சியரிடம் மாத வட்டிக்கு. 1998-இல் சினிமாவுக்குத் தொழில் அந்தஸ்து வந்தும் வங்கிக் கடன் பரவலாகவில்லை. பாக்கி தீராவிட்டால் தியேட்டர் சர்வரைத் திறக்கும் கே.டி.எம். சாவி வராது, காலைக்காட்சி ரத்தாகும். ‘ரசீது’ போட்ட கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்தால் வட்டி என்ற வரியில் உதைக்கும். ஆறு மாதம் தள்ளிப்போன வெளியீடு லாபத்தை முழுக்கத் தின்றுவிடும்.

உங்களுக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது இரண்டு. ஓ.டி.டி. உரிமை மதிப்பீடு: இப்போது பல படங்களின் வெளியீட்டுத் தேதியையே ஓ.டி.டி. ஒப்பந்தம் முடிவு செய்கிறது. இந்திப் படங்களுக்குத் தேசிய மல்டிபிளெக்ஸ்கள் தியேட்டருக்கும் ஓ.டி.டி.க்கும் நடுவே எட்டு வார இடைவெளி கேட்கின்றன, தமிழில் நான்கு வாரமே வழக்கம். ஒரு தமிழ்ப் படத்தின் இந்திப் பதிப்பை மல்டிபிளெக்ஸில் போடுவதா, நான்கே வாரத்தில் ஓ.டி.டி.க்குக் கொடுப்பதா என்ற கேள்விக்கு எண்ணோடு பதில் சொல்லத் தெரிந்தவர் குறைவு. மற்றொன்று வெளிநாட்டு விநியோகம். இதற்கு நீங்கள் சென்னைக்கு வரவே வேண்டாம். டாலஸிலேயே தமிழ்ப் படங்கள் வியாழன் பிரீமியரோடு வெளியாகின்றன. சங்கிலித் தியேட்டர்களோடு பங்கு ஒப்பந்தம், பிரீமியர் டிக்கெட் விலை, டி.சி.பி. (தியேட்டரில் ஓட்டும் படத்தின் டிஜிட்டல் பிரதி) நேரத்துக்கு வந்து சேர்வது, தணிக்கை தாமதமானால் முன்பதிவைத் திருப்பித் தருவது: இந்த நான்கையும் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று ஒரு பெரிய வெளியீட்டின்போது உள்ளூர் விநியோகஸ்தரிடம் கேட்டுப் பாருங்கள். எச்-1பி-யில் அவருக்கு வேலை செய்யாதீர்கள், பேச்சோடு நிறுத்துங்கள்.

---

கார்த்தி_டாலஸ்:

மிகத் தெளிவாக இருக்கிறது. முதலில் சந்தா, பில்லிங் குழுக்களுக்கு விண்ணப்பிக்கிறேன். வெஸ்ட்வுட்வாசி சொன்ன ரிப்போர்ட்டிங் கேள்வியைக் கேட்டுக்கொண்டே. அதோடு ஜிமேட்டும் எழுதி வைக்கலாமா, மதிப்பெண் எவ்வளவு நாள் செல்லும்?

---

வெஸ்ட்வுட்வாசி:

ஐந்து வருடம். இப்போதே எழுதுங்கள். வேலை மாறிய முதல் வருடத்தில் படிக்க நேரம் கிடைக்காது.